பக்கத்து மேசைக்காரி எழுதிய உடம்பு

எனக்குப் பித்த உடம்பு என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஒரு வாரப் பத்திரிகையில் பத்துக் கேள்வி போட்டிருந்தார்கள். கோபம் சட்டென்று வருமா? வரும். யாராவது தாமதித்தால் எரிச்சல் வருமா? இதெல்லாம் ஒரு கேள்வியா? பத்துக்கு ஒன்பது வாங்கினேன். தையல் கம்பெனியில் எனக்குப் ‘பட்டாசு’ என்றே பேர், அப்புறம் என்ன சந்தேகம்? அன்றிலிருந்து சூட்டைத் தணிக்கிறேன் பேர்வழி என்று வெள்ளரிக்காயும் ஐஸ் தண்ணீருமாக வாழ்ந்தேன். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளியல் வேறு.

அப்படி இருக்கும்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது.

நான் வெட்டு மேசைக்காரி. பள்ளிச் சீருடைத் துணியை நாற்பது அடுக்காக விரித்து, மேல் அடுக்கில் சாக்பீஸால் போட்ட கோட்டின் மேல் மின்சாரக் கத்தியை ஓட்டுவது என் வேலை. கோட்டை விட்டு ஒரு நூல் விலகினால் நாற்பது சட்டையும் போச்சு. இடது கை துணியை அழுத்திப் பிடிக்கும், வலது கை கத்தியைத் தள்ளும். அந்த வலது கைதான் ஆடியது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, “ஒண்ணும் இல்லம்மா” என்றார் டாக்டர். ஒன்றும் இல்லாதது ஏன் ஆடுகிறது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒரு நாள் முதலாளி என் பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

“ஒரு மாசம் பாப்போம்மா. கை சரியாகலைன்னா நீங்க பட்டன் பக்கம் போயிடுங்க. மேசையைப் பக்கத்து மேசைக்காரங்க பாத்துக்கட்டும்.”

பட்டன் தைக்கச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மேசை அவளுக்கா? 

பக்கத்து மேசைக்காரி துணியில் அளவு குறிப்பவள். அவள் கோடு போடுவாள், நான் வெட்டுவேன். ஏழு வருஷம் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம். நாலு வருஷத்துக்கு முன்னால் இருநூறு சட்டைக்கு முழுக்கை அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. அவள் கோடுதான் தப்பு என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் வாயே திறக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்ட வேண்டாமா மனுஷி? அழுத்தக்காரி. அன்றோடு பேச்சு நின்றது. கோடு போட்ட துணியைக்கூட முகத்தைப் பார்க்காமல்தான் என் பக்கம் தள்ளுவாள்.

யாரோ சொல்லி, ஆயுர்வேத வைத்தியரிடம் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலோரம் எண்ணெய் பாட்டில்கள். வைத்தியர் என் வயதுப் பெண்மணி. எனக்குப் பித்த உடம்பு என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு தாள்களை நீட்டினார். இரண்டிலும் அதே முப்பது கேள்விகள்.

“ஒண்ணு நீங்க எழுதுங்க. இன்னொண்ணு உங்களைத் தினமும் பகல்ல பாக்கிறவங்க யாராவது எழுதட்டும். நம்ம உடம்பு நமக்கே சரியாத் தெரியாதுங்க.”

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். போன் போட்டுக் கேட்டேன். “உனக்குக் கோபம் வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், ஆளை விடு” என்றார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கம்பெனியில் மற்றவர்கள் எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். என்னைப் பார்த்தபடி உட்காருகிறவள் ஒருத்திதான். பதினோரு வருஷமாக.

இரண்டு நாள் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு புழுங்கினேன். என் கை சரியாகாவிட்டால் மேசை கிடைக்கப்போவது யாருக்கோ அவளிடமே போய் நிற்பதா? மூன்றாம் நாள் தாளை அவள் ஸ்கேலுக்கு அடியில் வைத்து, “இதை எழுதணும்” என்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் இரண்டு வார்த்தை. அவள் தாளை மேலிருந்து கீழே படித்தாள், மடித்துப் பையில் வைத்தாள். மறுநாள் காலையில் அது என் மேசையில் இருந்தது.

வைத்தியர் அறைக்கு ஏறும் படியில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். மனசாரத் திட்டத் தயாராகத்தான் பிரித்தேன்.

‘கோபம் எப்படி வரும்?’ என்ற கேள்விக்கு நான், ‘உடனே வரும், நியாயமாக வரும்’ என்று எழுதியிருந்தேன். அவள் எழுதியிருந்தது: ‘காலையில் வராது. பசித்த பிறகுதான் வரும். சாப்பிட்டால் பத்து நிமிஷத்தில் போய்விடும். யாரைத் திட்டினாள் என்பதே மறந்துவிடும். திட்டு வாங்கியவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.’

‘வியர்வை?’ ‘கிடையாது. எங்கள் எல்லாருக்கும் சட்டை நனைந்திருக்கும்போது அவள் ஃபேனை விட்டு நகர்ந்து உட்காருவாள்.’

‘கைகால்?’ ‘சில்லென்று இருக்கும். கத்தரிக்கோல் வாங்கும்போது விரல் பட்டால் தெரியும். குதிகால் வெடிப்பு. எழும்போது முட்டி சொடுக்குவது என் மேசை வரை கேட்கும்.’

‘பேச்சு?’ ‘தூக்கத்திலும் பேசுவாள் என்று நினைக்கிறேன்.’

இதைப் படித்ததும் படியிலேயே சிரித்துவிட்டேன். அடுத்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

‘தொந்தரவு எப்போதிலிருந்து?’ ‘நடுக்கம் இப்போதுதான். சாப்பாடு கெட்டது நாலு வருஷமாக. முன்பு பன்னிரண்டரைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். இப்போது நான் சாப்பாட்டு அறையில் இருப்பதால் வருவதில்லை. மூன்று மணிக்கு மேசையோரம் நின்றுகொண்டே ஆறிப்போனதைத் தின்கிறாள். பாதி டப்பா அப்படியே வீட்டுக்குப் போகிறது. கை நடுக்கம் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் அதிகம். சாப்பிட்ட பிறகு குறைவு.’

என் கை எத்தனை மணிக்கு நடுங்குகிறது என்று எனக்கே தெரியாது. குளிர் எனக்கு ஆகாது என்றும் தெரியாது. கறுப்பா சிவப்பா என்பதைத் தவிர இந்த உடம்பைப் பற்றி எனக்கு என்னதான் தெரிந்திருந்தது? நாற்பத்து மூன்று வருஷம் இதற்குள்ளேயே இருந்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். 

வைத்தியர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இது ரெண்டு ஆளுங்க தாள் மாதிரி இருக்கே” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார். ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூன்று விரலுக்கும் அடியில் என் நாடி ஓடுவதை முதல்முதலாக நானும் கவனித்தேன். நான் கேட்காமலே, என்னை நம்பாமலே, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அவங்க எழுதினதுதாங்க சரி. உங்களுக்குப் பிறவியிலேயே வாத உடம்பு. உள்ள இருக்கிறது தீ இல்ல, காத்து. நேரத்துக்குச் சூடாச் சாப்பிட்டா அது அடங்கி நிக்கும். நீங்க பட்டினி போட்டு, பச்சைத் தண்ணியையும் ஊத்தி அதைக் கிளப்பி விட்டுட்டீங்க. கோபமும் அதுதான், நடுக்கமும் அதுதான்.”

வெள்ளரிக்காய் போச்சு, ஐஸ் தண்ணீர் போச்சு. குளிக்கும் முன் வெதுவெதுப்பான நல்லெண்ணெயைக் கைகாலில் தேய்க்க வேண்டும். வெந்நீர்க் குளியல். பத்து மணிக்குப் படுக்கை. எல்லாவற்றுக்கும் மேலே, பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும்.

“உங்களுது மணி பாக்கிற உடம்புங்க. அதை ஏமாத்தாதீங்க” என்றார்.

மறுநாள் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு அறைக்குள் போனேன். அவள் பெஞ்சின் ஒரு ஓரத்தில் இருந்தாள். நான் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். சாப்பாட்டை அங்கிருந்த அடுப்பில் சுடவைத்துச் சாப்பிட்டேன். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை, வைத்தியரை மனசுக்குள் வறுத்து எடுத்தேன். ஒன்பதாம் நாள் படுத்தவள், வழக்கம்போல் நடுராத்திரியில் விழித்துப் புரளாமல், விடிந்துதான் எழுந்தேன். மூன்றாவது வாரம், டீ நிறைந்த டம்ளரை ஒரு சொட்டுச் சிந்தாமல் வாயருகே கொண்டுபோனேன். குடிக்க மறந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பெரிய ஆட்டம், நேரத்துக்குப் போட்ட சோற்றுக்கும் நாலு கரண்டி எண்ணெய்க்கும் அடங்குமா? அடங்கியிருந்தது. அன்று நான் யாரையுமே திட்டவில்லை, எல்லாரும் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள்.

மாதக் கடைசியில் முதலாளி வந்து என் பின்னால் நின்றார். கருநீலத் துணி, நாற்பது அடுக்கு, கழுத்து வளைவு. வளைவில்தான் கை காட்டிக்கொடுக்கும். கத்தியை ஓட்டினேன். கோட்டின் மேலேயே போய், வளைந்து, வெளியே வந்தது. முதலாளி மேலடுக்கையும் கீழடுக்கையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

“சரிம்மா, மேசை உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவள் குனிந்து அடுத்த துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். எனக்குக் கேட்கத்தான் வந்தது.

“நீ மாத்தி எழுதியிருந்தா இந்த மேசை இன்னிக்கு உனக்கு வந்திருக்கும். ஏன் எழுதல?”

அவள் கோட்டை முடித்தாள். சாக்பீஸ் தூளை ஊதினாள்.

“மாத்தி எழுதியிருந்தா நீ பட்டன் பக்கம் போயிருப்ப. அப்புறம் தலை நிமிர்ந்தா நான் யாரைப் பாக்கிறது?”