முத்துத்தாய் சொல்லிவிட்டாள்

நல்லகாமனுக்கு வாய்தான் பிழைப்பு. மதுரைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிற கைடு. இங்கிலீஷ் சரளமாக வரும், பிரெஞ்சு அதற்கு ஒரு படி குறைவு. மற்ற பாஷைகளில் வணக்கம், நன்றி, பார்த்து ஏறுங்கள், குரங்கு ஜாக்கிரதை. இதற்கு மேல் எதற்கு என்பார். பையைக் குரங்கிடம் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனுக்கு இலக்கணம் ஒரு கேடா?

கோயிலையும் மகாலையும் எந்தக் கைடும் காட்டிவிடுவான். நல்லகாமனுக்குப் பேர் வாங்கித் தந்தது கீழக்குயில்குடி சமணமலை. பாதி மலை ஏறியதும் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். அங்கே ஒரு பாறையில் அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மெல்ல ஆரம்பிப்பார். எங்கள் மொழியில் ஓரெழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது, மா. மாமரமும் அதுதான், மிருகமும் அதுதான், பெரியது என்றாலும் அதுதான், ஒரு நில அளவும் அதுதான். உங்கள் ஊரில் மா என்றால் என்ன?

அவ்வளவுதான், களைப்பெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது. ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பிரெஞ்சில் 'என்னுடைய'. இத்தாலியில் 'ஆனால்', பழைய லத்தீனில் 'அதிகம்' என்றிருந்த சொல் தேய்ந்து அப்படியானது என்றார் ஒரு ரோமாபுரிக் கிழவர். ஜெருசலேம் பையனுக்கு அது 'என்ன?' பெய்ரூட் அம்மாளுக்குத் தண்ணீர். சமஸ்கிருதம் படித்த ஜெர்மன் பேராசிரியருக்கு 'வேண்டாம்'. வியட்நாமில் குரலை ஏற்றி இறக்குவதைப் பொறுத்துப் பேய், நெல் நாற்று. சீனாவில் குதிரை, அம்மா, இன்னும் என்னென்னவோ. ஷாங்காய் டீச்சர் ஒருத்தி, வாக்கியத்தின் வாலில் மா சேர்த்தால் கேள்வியாகிவிடும் என்று சொல்லி, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று சீனத்தில் கேட்டும் காட்டினாள். ஜப்பான்காரர்தான் எல்லோரையும் அசத்தினார். இரண்டு சத்தத்துக்கு நடுவில் சும்மா ஒரு இடைவெளி இருக்குதே, அதுதான் எங்கள் ஊரில் மா என்றார்.

பிறகு நல்லகாமன் தன் முத்தாய்ப்பை வைப்பார். நீங்கள் சாப்பிடுகிற மேங்கோ எங்கள் பக்கத்து மாங்காய்தான், கப்பலேறிப் போய்ப் பேர் மாறிவிட்டது. அதற்கு எப்போதும் கைதட்டல் உண்டு.

கோச்சடையில் அவர் வீட்டில் இதற்கெல்லாம் கைதட்ட ஆளில்லை. மனைவி முத்துத்தாய் நல்ல வாய்க்காரி. "ஊரு ஒலகத்து மாவெல்லாம் தெரியுதுல்ல, வீட்டுல மாவு தீந்து போச்சே, அது தெரியுதா? மில்லுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க" என்பாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அவள் பேச அவர் கேட்பது என்பதுதான் வீட்டில் வழக்கம். நாளெல்லாம் பேசிவிட்டு வருகிற மனுசனுக்கு அது இதமாகவும் இருந்தது.

அன்றைக்குக் காலையில் அவர் வண்டியை எடுக்கும்போது அவள் கேட் வரைக்கும் வந்தாள். வழக்கமாக வரமாட்டாள்.

"சாயங்காலம் வெரசா வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லேன்."

"நின்னுக்கிட்டுக் கேக்குற சங்கதியில்ல. உக்காந்து கேக்கணும். போயிட்டு வாங்க."

சண்டை போடுகிற முகமும் இல்லை, சந்தோசமான முகமும் இல்லை. அதற்குப் பிறகு அந்த முகத்தை அவர் எத்தனை முறை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். ஒன்றும் பிடிபடவில்லை.

மகாலில் தூண்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ராமக்காள் போன் செய்தாள். "அண்ணே, அக்கா கொல்லையில விழுந்து கெடக்கு. கண்ணு முழிச்சிருக்கு, பேச்சு வரல. ஆட்டோ வரச் சொல்லிட்டேன். நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

மூளையின் இடது பக்கம் ரத்தம் கட்டிவிட்டது. உயிர் தங்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது, ஒரே ஒரு சத்தத்தைத் தவிர.

திருமங்கலத்திலிருந்து ஓடிவந்த மகள் ரோகிணிதான் முதலில் கேட்டாள். "யப்பா, அம்மா பேசுது. 'மா'ங்குது." நல்லகாமன் குனிந்து காதை வைத்தார். மா என்றாள் முத்துத்தாய். அவரைப் பார்த்து, அழுத்தமாக, இன்னொரு முறை, மா.

உலகத்தில் வேறு எந்தச் சத்தமாவது மிஞ்சியிருக்கக் கூடாதா?

அவருக்குப் புத்தி ஓடிய விதத்தைச் சொன்னால் சிரிப்பு வரும், சிரிக்க முடியாது. பெய்ரூட் அம்மாள் நினைவுக்கு வந்து தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மா என்றாள். ஜெர்மன்காரர் நினைவுக்கு வந்து, எதுவோ வேண்டாம் என்கிறாளாக்கும் என்று போர்வையை எடுத்தார், மின்விசிறியை நிறுத்தினார். மா என்றாள். ரோமாபுரிக் கிழவரின் 'ஆனால்' நினைவுக்கு வந்தபோது, அதற்கு அடுத்தது வரும் என்று கட்டில் விளிம்பில் வெகுநேரம் காத்திருந்தார். பாறையில் உட்கார்ந்து சிரித்த ஜனமெல்லாம் மனசுக்குள் வரிசையில் நின்று ஆளுக்கொரு அர்த்தத்தை நீட்டியது. ஒன்றும் அவளுக்குப் பொருந்தவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, பேச்சுப் பயிற்சி கொடுக்கத் தாமரைச்செல்வி என்கிற பெண் வந்தாள். பொறுமைசாலி. நல்லகாமன் தன் ஆராய்ச்சியையெல்லாம் சொல்லக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சார், அந்தச் சொல்லுக்குள்ள தேடாதீங்க. அதுல ஒண்ணும் இல்ல. அவங்க மனசுல முழுசா ஒரு பேச்சு ஓடுது. வாய்க்கு வரும்போது எல்லாமே அந்த ஒரு சத்தமா வருது. சில நேரம், தான் சரியாத்தான் சொல்லிட்டோம்னே அவங்களுக்குத் தோணும்."

"எழுதச் சொல்லிப் பாக்கவாம்மா?"

"எழுத்தும் சேந்துதான் அடிபட்டிருக்கு சார். தலையாட்டுறதையும் இப்போதைக்கு நம்பாதீங்க. ஆமா, இல்ல ரெண்டும் அவங்களுக்குக் கொழம்பிக் கெடக்கு."

படம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். சோறு, தண்ணீர், கக்கூஸ், வலி, தூக்கம். முத்துத்தாய் அதை இடது கையால் வாங்கி உற்றுப் பார்த்தாள், பிறகு தூர எறிந்தாள். அவள் சொல்ல வந்தது அந்த அட்டையில் இல்லை.

நல்லகாமன் வெளியே விசாரித்தார். ராமக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னமோ மனசுல இருந்துச்சுண்ணே. நானும் நோண்டிப் பாத்தேன். 'அவுககிட்டச் சொல்லிட்டுத்தான் உங்கிட்டச் சொல்லுவேன்'னு சொல்லிருச்சு." கீழக்குயில்குடியில் இருக்கிற மைத்துனர் காளையிடம் போனார். நிலத்துப் பேச்சு எதுவும் உண்டா என்று கேட்டதற்கு, "அக்கா எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே மாமா" என்றார் காளை. ரோகிணியைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு வீட்டில் ஏதும் கஷ்டமா என்று கேட்டார். "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், சட்டென்று. அது நிஜமா, நொந்துபோன அப்பாவை மேலும் நோகடிக்க வேண்டாம் என்பதா? அதுவும் தெரியவில்லை.

ஒருவேளை முன்னமே உடம்புக்கு ஏதோ செய்திருக்கும், அதைத்தான் சொல்ல நினைத்தாளோ என்று தோன்றிய அன்று அவர் சாப்பிடவில்லை.

அப்புறம் ஒரு மதிய நேரம். ரோகிணி ஊருக்குப் போயிருந்தாள். நல்லகாமன் மனைவிக்குத் தலைசீவி முடித்து எழுந்தார். அவள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். இடது கையால் கட்டிலைத் தட்டினாள். உட்கார்.

உட்கார்ந்தார்.

முத்துத்தாய் சொல்ல ஆரம்பித்தாள். மா மா மா என்றுதான் வந்தது, ஆனால் அது பேச்சு. எங்கேயோ தொடங்கி, கொஞ்சம் சுற்றி, ஒரு இடத்தில் குரலைத் தாழ்த்தினாள்; வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். யாரையோ பழித்தாள். யாருக்கோ இரக்கப்பட்டாள். விரல் மடக்கினாள். நடுவில் நிறுத்தி, அவர் கவனிக்கிறாரா என்று பார்த்தாள். அந்த நிறுத்தத்தில் அவருக்கு ஜப்பான்காரர் ஞாபகம் வந்தது, வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. திரும்பத் தொடங்கியபோது அவள் கண் கலங்கியிருந்தது. கடைசியில் அவர் முழங்காலில் கை வைத்து ஒரே ஒரு மா சொன்னாள், இனி உங்கள் பாடு என்கிற மாதிரி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

அவள் சொல்லிவிட்டாள். ஒன்றையும் விடாமல், முழுசாகச் சொல்லிவிட்டாள்.

நல்லகாமனுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? இன்னொரு முறை சொல்லு என்று எந்த வாயால் கேட்பது? அவள் முகம் மெல்ல மாறத் தொடங்கியதைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னார்.

"சரி முத்து. நான் பாத்துக்குறேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய மூச்சாக ஒன்று விட்டாள். விழுந்த நாளிலிருந்து இல்லாத தூக்கம் தூங்கினாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்க ஊரில் ஆளில்லை. தெரிந்த ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ராமக்காளைத் துணைக்கு வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போய்த் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மா?"

வாலைத் தூக்கிய கேள்வி. முடித்துவிட்டீர்களா என்று கேட்கிறாள். ஷாங்காய் டீச்சர் சொன்னது ஒன்றுதான் கடைசியில் பலித்தது.

"இன்னைக்கு நேரமில்ல முத்து. நாளைக்கு" என்றார்.

சரி என்று அவள் முகம் சொன்னது. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். ஆபீஸ் லீவு, ஆள் ஊரில் இல்லை, வண்டி மக்கர் என்று அவர் ஏதேதோ சொன்னார். எந்த ஆபீஸ், எந்த ஆள் என்று அவருக்கே தெரியாது. சிலசமயம் ஏதோ ஒரு பொய் அவளுக்குப் பொருந்திவந்த மாதிரி இருக்கும், புருவம் தளரும். எது பொருந்தியது என்று பிடித்து மேலே போக முடியாது. அடுத்த நாள் அது பொருந்தாது.

இப்போதெல்லாம் நல்லகாமன் சமணமலையில் பாதி வழியில் யாரையும் உட்காரவைப்பதில்லை. மூச்சு வாங்கினாலும் நேரே மேலே கூட்டிப்போய்விடுகிறார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் கோச்சடை பஸ் ஸ்டாப் டீக்கடையில் பொழுதைத் தள்ளுகிறார். எவ்வளவு தள்ளினாலும் வீட்டுக்குப் போய்த்தானே ஆகவேண்டும்.

நேற்று அவர் உள்ளே நுழைந்தபோது அவள் விழித்துத்தான் இருந்தாள். கேட்கவில்லை. அவரே பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நாளைக்குக் கண்டிப்பா முடிச்சுர்றேன் முத்து" என்றார்.

முத்துத்தாய் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மனுசன் செய்யமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல கையைச் சுவரில் ஊன்றி, மெல்ல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.