மனைவி வந்தால் இறங்கும் ஆக்சிஜன்

1

இந்தக் கதை, நர்ஸாக இருக்கும் என் நாத்தனார் சாப்பிடும்போது போட்ட புதிரிலிருந்து கிளம்பியது. வென்டிலேட்டரிலிருந்து விடுபட்ட, சந்தையில் கூவி ஏலம் விடும் ஓர் ஏலக்காரர். கழுத்தில் துளையிட்டு வைத்த குழாய் வழியாக மூச்சு. அதன் வாயில் சிறு முகமூடி பொருத்தி ஆக்சிஜன். எல்லாம் சுகம். மனைவி வந்து உட்கார்ந்தால் மட்டும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கும். போனால் ஏறும். ஏன்?

2

“அவளைக் கண்டதும் அவர் நெஞ்சு விம்மி...”

(இந்த வரியை அடித்துவிட்டேன். நெஞ்சு விம்மினால் மூச்சு கூடத்தானே வேண்டும்?)

இன்னொரு முறை இறங்கினால் திரும்ப மெஷின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“வீட்டுல ரொம்ப மிரட்டுவீங்களாக்கா?” என்று மனைவியிடம் கேட்டார் நர்ஸ்.

“நான் மிரட்டி இவர் வாயை மூடியிருந்தா தெருவே நிம்மதியாத் தூங்கியிருக்கும், சிஸ்டர்.” சிரித்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் வராமலே இருந்துடறேன்.”

3

(கதையை நிறுத்தி மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அதன் வேலை. கழுத்து வழியாக மூச்சுவிடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. வறண்ட ஆக்சிஜன் சளியை இறுக்கிவிடும். அதனால் வெந்நீர்ப் புட்டி வழியாக அனுப்புகிறார்கள். அந்த ஆவி, புட்டியிலிருந்து முகமூடிக்கு வரும் பருமனான குழாயில் குளிர்ந்து தண்ணீராகும். எனக்கு இந்த இடம் பிடித்துப்போய் மூன்று பக்கம் எழுதினேன். கிழித்தாயிற்று.)

4

நர்ஸ் மனைவியை வெளியே விடவில்லை. “எப்பவும் உட்கார்ற மாதிரியே உட்காருங்க” என்றார். இம்முறை அளவு காட்டும் திரையைப் பார்க்காமல் மனைவியின் கைகளைப் பார்த்தார்.

மனைவி, கணவரின் கையைப் பிடிக்கக் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினார். கம்பியில் கட்டியிருந்த பருமனான குழாயும் இறங்கித் தொங்கியது. தொய்வில் தண்ணீர் சேர்ந்து ‘களக் களக்’ என்றது. ஆக்சிஜன் வரும் வழி பாதி அடைபட்டது. அளவு இறங்கியது. போகும்போது அவரே கம்பியை ஏற்றிவிடுவார்; தண்ணீர் புட்டிப் பக்கம் வழிந்துவிடும்.

நர்ஸ் சட்டென்று குழாயைக் கழற்றி, நீரைக் கழுத்துப் பக்கம் போகவிடாமல் கிண்ணத்தில் கொட்டினார். அளவு ஏறியது.

5

ஏலக்காரர் பேசியதாக ஒரு முடிவு எழுதினேன். மனைவி அழுததாக இன்னொன்று. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையில் நடந்ததே போதும்: நர்ஸ் குழாயைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, தனித் தாங்கியில், தொய்வில்லாமல், புட்டியை நோக்கிச் சரிவாக மாட்டினார். மனைவி கம்பியை இறக்கி, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆக்சிஜன் இறங்கவில்லை.