கைமாறாத டின்

பிள்ளைகளே, டோரிஸ் கல்நெஞ்சக்காரி என்று எங்கள் மாசாய் ஊரில் சொல்லாதவர் இல்லை. நானும் சொன்னவள்தான். அந்த வெள்ளிக்கிழமை மெலிசா வீட்டில் நடந்த செபக்கூட்டத்தில் இருந்திருந்தால் நீங்களும் என்னைப்போல் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் பக்கம் செபக்கூட்டம் இரண்டு. அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒன்று, தரைவீட்டுக்காரர்களான எங்களுக்கு ஒன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மைலோ பானத்தூள் வந்த பழைய டின் ஒன்று. மனத்தில் இருப்பதைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் டின்னில் போடுவோம். பிறகு டின்கள் இடம் மாறும். எங்கள் சீட்டை அவர்கள் வாசித்து வேண்டுவார்கள், அவர்கள் சீட்டை நாங்கள். சொந்த சனம் வாசிக்காது என்ற தைரியத்தில் எதையும் எழுதலாம். டின்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மாற்றுவது எங்கள் கூட்டத்துப் பையன் கால்வின் பொறுப்பு.

டோரிஸின் ஒரே மகன் பிரையன், நண்பனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனவன், லாரியில் அடிபட்டு இறந்து பதினான்கு மாதம். அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் அவளே தேநீர் கலக்கிக் கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. யாராவது அவன் பேச்சை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கணவர் டெஸ்மண்ட் அவள் எதிரில் மூக்கைக்கூட உறிஞ்சியதில்லை.

அன்று வாசிக்கும் முறை டோரிஸுடையது. டெஸ்மண்ட் கதவோரம் உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு சீட்டைப் பிரித்தாள். இடது கையால் எழுதியதுபோல் கோணல் எழுத்து.

"'என் மனைவி முன்னால என்னால அழ முடியல.'" வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அலமாக்! யாரு லா இந்த மகராசி? புருசன் அழுவுறதுக்கு பெர்மிட் எடுக்கணும் போல!"

"நாலாவது மாடியில அப்படி ஒருத்தங்க இருக்காங்க அக்கா," என்று மெலிசா சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

"பாவம் அந்த மனுசன். 'வேல முடிஞ்சதும் பேக்டரி பார்க்கிங்ல ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு அழுவேன். கண்ணாடிய இறக்கிட்டா யாருக்கும் தெரியாது. மகனோட மோட்டார் வீட்டு முன்னால நிக்குது. அவ தெனம் அதத் தொடைக்கிறா. என்னையத் தொட விடமாட்டா...'"

குரல் அப்படியே நின்றது.

எங்கள் தெருவில் ஓடாத மோட்டாரைத் தினமும் துடைப்பவள் ஒருத்திதான்.

கால்வின் டின்னை எடுத்துப் பார்த்தான். "அக்கா... மழையா இருந்துச்சா, டின்ன மாத்தப் போகல. இது நம்ம டின்னுதான்..."

"வாய மூடு லா," என்றாள் மெலிசா.

டெஸ்மண்ட் எழுந்துவிட்டார். "டோரிஸ், அத விடு. அடுத்ததப் படி."

சீட்டை வாசித்தவரே எழுதியவருக்காக வாய்விட்டு வேண்ட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். ஊராருக்காக வேண்டுவதென்றால் டோரிஸுக்கு வார்த்தை மடமடவென்று வரும். அன்று வாய் திறந்தது, மூடியது. எழுந்தாள். அடுப்படிப் பக்கம் ஓர் அடி வைத்தாள். இவள் இப்போது போய்விட்டால் அந்த மனிதர் இனிச் சாகும்வரை வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. கூப்பிடவும் தைரியம் வரவில்லை.

"ஆண்டவரே," என்றாள் டோரிஸ். சுவரிலிருந்த படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, திரும்பி அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "எனக்கு பயமா இருக்குங்க. ஒரு தடவ ஆரம்பிச்சா நிக்காது. நிக்கலன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"நிக்காட்டி போகுதும்மா."

"பிரையன்..." என்றாள்.

அதற்குப் பின் அவளிடமிருந்து வந்த சத்தத்தை, கண்ணுங்களா, அழுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டெஸ்மண்ட் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவள் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கால்வின் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் பயந்ததுபோலவே அது நிற்கவில்லை. மெதுவாக ஒவ்வொருவராக வெளியே வந்தோம். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மெலிசாவும் எங்களோடு தூறலில் நிற்கிறாள்.

"இது ஒன் வீடு லா," என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள்.