குக்கர் அக்காவுக்குக் கண்ணாடி

காதுக்குள் ஓயாமல் சத்தம் கேட்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. வெளியில் யாருக்கும் கேட்காத சத்தம். "பழகிக்கோங்க" என்று டாக்டர் கைவிரித்த பிறகு மனிதர்கள் வேறு எங்கே போவார்கள், அங்கேதான் வந்து சேருவார்கள். பெயர், ஊர், வேலை எதையும் அங்கே யாரும் கேட்பதில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்களே என்ற பயம். அதனால் அவரவர் சத்தமே அவரவர் பெயர். விசில் கேட்பவள் குக்கர் அக்கா. தடதடவென்று கேட்பவன் ரயில் தம்பி. நம் ஆள் சில்வண்டு.

சில்வண்டு ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் கல்யாணமாகி எங்கோ இருக்கிறாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் வண்டு ஆரம்பிக்கும். அதை அமுக்க அவளுக்குக் கிடைத்தது குக்கர் அக்காவின் குரல் ஒன்றுதான். ஆறு வருஷமாக, சாயங்காலமானால் ஒரு குரல் பதிவு வந்துவிடும். "என்னடி, உன் வண்டு இன்னைக்குச் சாப்பிட்டுச்சா?" இவள் பதிலுக்கு அரைமணி பேசுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கூடப்பிறந்தவள்கூட அத்தனை பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டாள்.

அந்தக் குழுவில் ஒரு வினோதம் உண்டு. தேறியவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. சத்தம் எங்கேயும் போய்விடுவதில்லை, மனசு அதை மறக்கிறது, அவ்வளவுதான். மறந்தவன் குழுவைத் திறந்தால் மறுபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். கேட்டால் அது அங்கேயே இருக்கும். ஆகவே ஒருநாள் ஆள் காணாமல் போவார், இருப்பவர்கள் தேடக் கூடாது.

சில்வண்டு ஒருமுறை தேடிவிட்டாள். ரயில் தம்பி போய் வெகுநாள் ஆன பிறகு, பாசத்தில், "தம்பி, ரயில் எப்படி இருக்கு?" என்று ஒரு வரி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: "மறந்தே போயிருந்தேன்க்கா. நேத்துலேருந்து திரும்ப ஓடுது." பின்னாலேயே அவனும் குழுவுக்கு வந்து சேர்ந்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் அடுத்தவனைக் கெடுத்தது. அன்றோடு வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் குக்கர் அக்காவும் போய்விட்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். இவளுக்கு அழுகைதான் வந்தது. பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். புதிதாக வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல இவள் இருந்தாள். இவளுக்குச் சொல்லத்தான் நாதியில்லை.

ஒரு மத்தியானம் மெஷினை நிறுத்தியபோது, கடையின் முன்பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. புதுக் கண்ணாடி காதோரம் உறுத்துகிறது என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே எட்டிப்பார்த்து, கொஞ்சம் வளைத்துக் கொடுக்கச் சொல்லி அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அக்கா இவ்வளவு குள்ளமாக இருப்பாள் என்று சில்வண்டு நினைக்கவே இல்லை. அந்தப் பெரிய குரல் இந்தச் சின்ன உடம்பிலிருந்தா வந்தது? 'அக்கா' என்று ஒரு சொல் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும். கட்டிப்பிடித்துக்கொள்வாள். வீட்டுக்குப் போனதும் விசில் அடிக்கும்.

சில்வண்டு நாற்காலியைக் கையால் காட்டினாள்.

பேச வராதவள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள் போலும், முகம் கனிந்தது. "மெதுவா பண்ணுங்கம்மா, எனக்கு ஒரு அவசரமும் இல்ல. ஜன்னலோரம் உக்காந்து படிக்கத்தான் இந்தக் கண்ணாடி. வீடு அவ்ளோ அமைதியா இருக்கு."

ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லையே என்று ஆறு வருஷம் புலம்பியவள் சொல்கிற பேச்சு இது. சில்வண்டு ஃப்ரேமைச் சூடுகாட்டி வளைத்து, மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தாள். எடுக்க மனமில்லாமல் விரல் அங்கேயே நின்றது.

"இப்ப சரியா இருக்கு," என்றாள் அக்கா. "பேசாம வேலை பாக்கிறவங்க கை தனிதான். எனக்கு ஒரு தங்கச்சி உண்டு, உங்களுக்கு நேர் எதிர். வாயைத் திறந்தா மூட மாட்டா. அவகிட்ட சொல்லிக்காம வந்துட்டேன்." கைக்கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். "நினைக்கக் கூடாது, நினைச்சா எனக்கு ஆகாது. நல்லாத்தான் இருப்பா, இல்ல?"

சில்வண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அக்கா நிமிர்ந்து பார்த்ததும், இன்னொரு முறையும் ஆட்டினாள்.