வால் வீசும் வண்டி

கிடங்கின் மூன்றாவது வளைவில் மஞ்சள் கூம்பு மறுபடியும் சாய்ந்தது. பஸ்காரர் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை நிறுத்திவிட்டு, அது தானாக விழுந்ததைப்போல முறைத்தார்.

"முறைச்சா எழுந்து நிக்காதுண்ணே," என்றாள் லேபிளக்கா.

இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர் இருபத்தேழு வருடமாகத் தொழிற்சாலையின் ஊழியர் பஸ்ஸை ஓட்டுகிறார். இந்த வாரத்தோடு பஸ் நிற்கப்போகிறது. அவள் பெட்டிகளில் லேபிள் ஒட்டினாள். அதற்கு இயந்திரம் வந்துவிட்டது. மேலாளர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: பத்து நாள் ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி, தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. தேறினால் கிடங்கில் வேலை, இல்லாவிட்டால் வீடு.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத லேபிளக்கா முதல் வாய்ப்பிலேயே தேறிவிட்டாள். பஸ்காரருக்கு இரண்டு போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்று மதியம் இரண்டு மணிக்கு.

குற்றம் அவர் திறமையில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. பஸ்ஸில் திரும்புவது முன்சக்கரம். வளைவில் பின்பக்கம் உள்முனையை உரசிக்கொண்டு வரும். அதனால் நல்ல ஓட்டுநர் முனையை விட்டு விலகி, அகலமாக எடுப்பார். ஃபோர்க்லிஃப்டில் திரும்புவது பின்சக்கரம். முன்பக்கம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல, வால் எதிர்ப்பக்கம் வீசும். உள்முனையை ஒட்டிப் போனால்தான் வாலுக்கு இடம். அகலமாக எடுத்தால் எதிர்ப்பக்கம் இருப்பதற்கு அடி நிச்சயம். தினமும் காலையும் மாலையும் பஸ், நடுவில் இது. பாவம், கை எதைத்தான் கேட்கும்?

சாப்பாட்டு நேரத்தில் லேபிளக்கா டப்பாவைத் திறந்தபடி கேட்டாள்.

"காலைல பஸ்ஸை ஷெட்டுல எப்படிண்ணே விட்டீங்க?"

"ரிவர்ஸ்லதான். ரெண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடம். இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா கேளு!"

"அப்போ அதோட மூக்கு எந்தப் பக்கம் போச்சு?"

"எதிர்ப்பக்கம் வீசும். வீசத்தானே..."

மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

பின்னால் போகும் பஸ்ஸில், திரும்பும் சக்கரம் கடைசியாக வருகிறது. ஃபோர்க்லிஃப்டிலும் அப்படியே. ஆக, இந்த வண்டியை அவர் இருபத்தேழு வருடமாக ஓட்டித்தான் இருக்கிறார், தினம் இரண்டு நிமிடம், கழுத்தைத் திருப்பிக்கொண்டு.

"அடிப்பாவி, இதை மொத நாளே கேக்கக் கூடாதா?"

"மொத நாள் எனக்கு பிரேக் எதுன்னே தெரியாதுண்ணே!"

இரண்டு மணி. பயிற்சியாளர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நின்றார். முதல் வளைவும் இரண்டாவது வளைவும் தாண்டியாயிற்று. மூன்றாவதில் கை வழக்கம்போல அகலத்துக்குத் துடித்தது.

"வரலாம்... வரலாம்..."

பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கூப்பிடும் அதே ராகம். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் லேபிளக்கா.

"அம்மா, இங்க தேர்வு நடக்குது," என்றார் பயிற்சியாளர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். உள்ளங்கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பஸ்காரர் ஷெட்டை நினைத்துக்கொண்டார். முனையை ஒட்டியே போனார். முன்சக்கரம் முனைக்கு நேராக வந்ததும் ஒடித்தார். வால் வீசியது. கூம்புக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கூம்பு நின்றது.

பயிற்சியாளர் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "திங்கக்கிழமை ரெண்டு பேருக்கும் காலை ஆறு மணி ஷிஃப்ட். தாமதம் கூடாது."

வெளியே வரும்போது லேபிளக்கா நின்றுவிட்டாள்.

"அண்ணே, ஆறு மணிக்கு நான் எதுல வர்றது? நீங்கதானே எப்பவும் கூட்டிட்டு வருவீங்க?"

"அதைத்தாம்மா நானும் யோசிக்கிறேன்," என்றார் பஸ்காரர்.