பதினொரு டன் நானூறு கிலோ

எடைமேடைக்காரம்மாவின் எடை பதினொரு டன் நானூறு கிலோ என்று, அவருடைய அறுபத்தொன்பதாவது வயதில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்குச் சீட்டு அடித்து வந்தது. நம்பாதவர்கள் நேரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், சீட்டு அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முந்தின வாரம் டாக்டரிடம் நிறுத்தபோது அவர் ஐம்பத்தொரு கிலோதான். நடுவில் அவர் கண்டதையும் தின்றுவிடவில்லை. கோபத்தில் இரண்டு வேளை பட்டினி கிடந்தார் என்பதுதான் உண்மை.

முப்பத்தொரு வருஷம் அவர் ஊர் எல்லையில் இருந்த எடைமேடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரிகளை நிறுத்தவர். சரக்கோடு வரும் லாரியை ஒரு தடவை, இறக்கிவிட்டு வரும் வெறும் லாரியை இன்னொரு தடவை. கழித்தால் வருவது சரக்கு. அவ்வளவுதான் வேலை, ஆனால் அதில் அவரை ஏமாற்றியவன் எவனும் கிடையாது. எடையைக் கூட்டிக் காட்ட லாரிக்குப் பின்னால் பதுங்கி மேடைமேல் நிற்கும் ஆட்களை, எண் துடிப்பதை வைத்தே கண்டுபிடித்து, "பின்னாடி நிக்கிற மகராசா, கீழ இறங்கு" என்று மைக்கில் சொல்லுவார். அவர் கணவர் குழாய் ரிப்பேர்க்காரர். ஊரில் பாதி வீட்டுக் குழாய் ஒழுகலை அடைத்தவர், சொந்த வீட்டுச் சமையலறைக் குழாயை மட்டும் நாற்பத்துநாலு வருஷமாகச் சொட்டவிட்டு வைத்திருந்தார். அந்தக் குழாய்க்காகவும், மிளகு டப்பாவில் அவர் போட்டுவைக்கும் வாஷர்களுக்காகவும் இருவரும் தினமும் சண்டை போட்டார்கள். சண்டை இல்லாத நாளில் பக்கத்து வீட்டம்மா, உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்ப்பார்.

குழாய்க்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்ட வாரம், மகனும் மகளும் வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பயந்துபோயிருந்தார்கள், இருவர் வீட்டிலும் ஆளுக்கு ஓர் அறைதான் மிச்சம் இருந்தது. அப்பா மகளிடம், அம்மா மகனிடம், வீடு வாடகைக்கு என்று முடிவாயிற்று. இரண்டு பீரோவை எந்தச் சுவரோரம் போடுவது என்று பேசுவதுபோலத்தான் பேசினார்கள். பெற்றவர்கள் இருவரும் சமையலறையில் குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அம்மாவாகவே வெளியே வந்து, "எங்களைப் பிரிக்காதீங்கப்பா. சண்டை போட எனக்கு வேற ஆள் கிடையாது" என்றார். "ரெண்டு மணி நேரம்தானேம்மா தூரம், மாசம் ஒரு தடவை பார்த்துக்கலாம்" என்றான் மகன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மகளின் கார் கிளம்பியது. குழாய்க்காரர் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மனைவியை நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கார் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் வாசற்படி நெடுக விரிசல் விட்டது. எடைமேடைக்காரம்மா அதைக் கவனிக்காமல் மகனின் காரில் ஏறி உட்கார்ந்தார். நான்கு டயரும் வரிசையாக வெடித்தன. அடுத்து வந்த சரக்கு வேனின் அச்சு முறிந்தது. அம்மா நாற்காலி கேட்டார், நாற்காலி மட்டும் எப்படியோ தாங்கியது. மகன் பிடிவாதக்காரன், பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. மரம் தூக்கும் கிரேன் வைத்த லாரியை வரவழைத்து, அம்மாவை நாற்காலியோடு தூக்கி ஏற்றினான். எடை தெரியாமல் பாலத்தில் ஏறமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டதால், லாரி நேரே எடைமேடைக்குப் போனது.

மொத்தம் பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். வெறும் லாரி எட்டாயிரத்து ஐந்நூறு. அம்மாவுக்குப் பின் அந்தக் கூண்டுக்கு வந்த ஆபரேட்டர் மிஷினில் கோளாறு என்றார். லாரியின் மேலிருந்து அம்மா, பூச்சியத்துக்கு வந்ததா, மேடை ஓரத்தில் கல் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "மிஷின் சரியாத்தான் இருக்கு. பழியை அதும்மேல போடாதே" என்றார்.

அதற்குள் மகள் அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் செய்திருந்தாள். அப்பா அவள் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கவே இல்லையாம். ஐந்து மணி நேரம் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் "வண்டியைத் திருப்பும்மா. குழாயை மூடாம வந்துட்டேன்" என்றாராம். அவள் திருப்பிவிட்டாள். நான்கு மணிக்கு வந்து சேர்ந்தவர், கட்டுப் போட்ட கையோடு ஏணியில் தடுமாறி ஏறி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். எண் சரிந்துகொண்டே வந்து எட்டாயிரத்து அறுநூற்றுப் பத்தில் நின்றது.

மகன் அப்பாவை இறங்கச் சொன்னான். எண் மறுபடி பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு ஏறியது. ஏறச் சொன்னான், இறங்கியது. மூன்று தடவை பார்த்தார்கள். "சரக்கை இறக்கினா எடை ஏறுறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று ஆபரேட்டர் கூண்டிலிருந்து வெளியே வந்து நின்றார். "இறக்கக் கூடாததை இறக்கினீங்க, ஏறுது. இதுல என்ன அதிசயம்?" என்று எடைமேடைக்காரம்மா மகனைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அந்தப் பதினொரு டன் சீட்டை என்கிட்ட குடுங்க. யாராவது மறுபடி பேச வந்தா காட்டணும்." அன்று மாலை இருவரும் தங்கள் வீட்டுக்கு, டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, வாஷர் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே திரும்பினார்கள்.

இப்போது பிள்ளைகள்தான் முறை வைத்து வருகிறார்கள். மகன் குளியலறையில் கைப்பிடி பொருத்திக் கொடுத்தான். குழாய்க்காரர் ரொட்டி வாங்கப் போனால் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் வந்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் பக்கத்து வீட்டம்மா ஜன்னலிலிருந்து, "அண்ணே, எங்க சுவரும் விரிசல் விடுது, அரட்டை போதும் வாங்க" என்று கூப்பிடுவார். ஒருநாள் மகள் கேட்கக் கூடாததைக் கேட்டாள். யாராவது ஒருவர் முந்திப் போய்விட்டால்? எடைமேடைக்காரம்மா சொட்டும் குழாய்க்கு அடியில் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். "அப்போ தரை தாங்குதான்னு பார்ப்போம். தாங்கலேன்னா அது தரையோட பாடு. இப்போ நகரு, காத்து வரல" என்றார். டைல்ஸ் ஒட்டுகிறவர் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து உடைந்ததை மாற்றிவிட்டுப் போகிறார். அதே நிறத்தில் நாற்பது டைல்ஸ் எப்போதும் எடுத்து வைத்திருக்கிறார். எப்படி உடைந்தது என்று அவர் கேட்பதில்லை.