பதில் பாடுகிறவர்கள்

ஏரல் கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பிரிஸில்லா வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டு, கழுத்தை இடப்பக்கம் திருப்பி, பைய விழுங்கினாள். நேராக விழுங்கினால் புரையேறும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இப்படித்தான் தண்ணீர் குடிக்கிறாள்.

குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. பேசும்போது இரண்டும் நடுவில் வந்து சேரும். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும், அவை உடனே மூடிக்கொள்ளும். அந்தத் துடிப்புதான் குரல். மடிப்புகளை அசைக்கிற நரம்பு தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஓடுகிறது. பிரிஸில்லாவுக்கு இடப்பக்க நரம்பு அடிபட்டுவிட்டது. வலது மடிப்பு ஒவ்வொரு முறையும் நடுவுக்கு வந்து நிற்கிறது, இடது வருவதில்லை. நடுவில் இருக்கும் சந்து வழியாகக் காற்று போய்விடுகிறது. தானாகச் சரியானால் ஒரு வருஷத்துக்குள் ஆக வேண்டும் என்றார் டாக்டர். அந்த வருஷம் போன மாதம் முடிந்தது.

பாடுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். உவரி பிரிஸில்லா, சீவலப்பேரி முத்துராணி, நான். எங்கள் கரைப் பாட்டுக்கு மெட்டுப் போட்டது மகேஷ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த சோல் இசை மேல் அவனுக்குப் பைத்தியம். அதில் ஒருவர் முன்னால் நின்று கேட்பார், மற்றவர்கள் பின்னால் நின்று பதில் சொல்வார்கள். "கரையே, அவன் வந்தானா" என்று பிரிஸில்லா கேட்பாள். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்போம் நானும் முத்துராணியும். முத்துராணி மேல் சுருதி, நான் கீழ். பதில் கடைசிவரை ஒன்றுதான். கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே ஏறும். அதனாலேயே அதே பதில் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கனமாகக் கேட்கும். பாட்டில் வேறொன்றும் கிடையாது. வெளியிட்ட கொஞ்ச நாளில் மினி பஸ், டீக்கடை, மீன் வண்டி என்று எங்கே போனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பிரிஸில்லா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இதுதான் அதற்குப் பிறகு எங்கள் முதல் மேடை.

மகேஷ் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "யக்கா, ரெக்கார்டையே போட்டுருவமா? நீங்க வாய அசைச்சாப் போதும்."

"அப்ப இவளுவ ரெண்டு பேரும்?" பிரிஸில்லாவின் குரலில் பாதிக்கு மேல் மூச்சுதான்.

"அவங்களும் அசைக்க வேண்டியதுதான்."

வேறு வழியில்லை. ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடிய பாட்டு அது. அவள் குரலை மட்டும் தனியே பிரித்து எடுக்க முடியாது.

"அசைச்சா என்னட்டி கொறஞ்சு போச்சு?" என்றாள் முத்துராணி. "மேடையில நின்னு இருமுததுக்கு அது தேவலைல்லா."

"நீ அசை. ஒத்திகையில பாதி நாளு அப்படித்தான நிக்கே," என்றேன் நான்.

முத்துராணிகூடச் சிரித்துவிட்டாள். பிரிஸில்லா சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாள். "சாரம்மா, இன்னைக்குப் பாடிப் பாக்கேன். வரலைன்னா வேற பிள்ளையத் தேடிக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பெண்ணின் அப்பா மகாராஜன் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, அந்தக் கரைப் பாட்டு உண்டும்லா? மாப்பிள்ள வீட்டுல அதுக்குத்தான் சாப்பிடப் போகாம உக்காந்திருக்காங்க."

"உண்டு அண்ணாச்சி," என்றாள் பிரிஸில்லா.

மகேஷ் சுருதியை நன்றாக இறக்கி வைத்திருந்தான். மேடையில் அவள் முன்னால் நின்றாள், நாங்கள் இரண்டடி பின்னால். "கரையே" என்று எடுத்தாள். முதல் எழுத்து குரலாக வந்தது. பிறகு காற்று. மைக்குக்குக் குரல், காற்று என்ற வித்தியாசம் தெரியாது, எது வந்தாலும் பெரிதாக்கும். மண்டபம் முழுக்க யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி இருந்தது. தாளம் நிற்காது, அதனால் நாங்கள் பதில் சொன்னோம்.

இரண்டாவது கேள்விக்கு அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் முன்வரிசையில் பிள்ளைகள் அதைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். பிறகு பெண்கள், பிறகு மொத்த மண்டபமும். எல்லோருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தது. பிரிஸில்லா வாயை மூடிக்கொண்டாள். பிறகு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். விசில் பறந்தது. போன்கள் உயர்ந்தன.

"பாத்தீரா வே, ஊரையே பாட வச்சுட்டாளே," என்று மகாராஜன் அண்ணாச்சி மேடையோரத்தில் யாரிடமோ சொன்னது எங்களுக்குக் கேட்டது. மகேஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நானும் முத்துராணியும் கூட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடைசிக் கேள்விதான் மிகவும் உயரம். அங்கே "வந்தானா"வின் நடுவில் பிரிஸில்லா மேலே தொட்டுவிட்டு உடனே இறங்க மாட்டாள். அந்த உயரத்திலேயே ஒரு மூச்சு நேரம் நிற்பாள். கூட்டம் அங்கே நிற்கவில்லை, தொட்டதும் இறங்கிவிட்டது. நாங்களும் அவசரமாகப் பதிலைச் சொல்ல வேண்டியதாயிற்று.

சுருதி ஏறும்போது குரல்வளையும் கழுத்துக்குள் மேலே ஏறும். சத்தம் வெளியே வராவிட்டாலும் ஏறும். மைக்கைக் கூட்டத்துக்கு நீட்டிப் பிடித்தபடி அவள் பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். உதடுகள் மூடியிருந்தன. கழுத்தில் தழும்புக்கு மேலே குரல்வளை ஏறுவதைப் பார்த்தேன். கீழே எல்லோரும் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். அது இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.